காலின் பிடித்த மூலை

நாடா வெதுவெதுப்பாக இருந்தது. பென்சிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த ஒலிநாடாவின் ஓரம் லினெட்டின் ஆள்காட்டி விரலில் ஒரு நொடி உரசியது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சூட்டை விரல் தெரிந்துகொண்டது. பிப்ரவரி மாதம், ஷெஃபீல்டில், தரைக்குக் கீழே இருக்கிற ஓர் அறை. வாயைத் திறந்தால் வெள்ளையாக ஆவி வருகிறது. எதிரே டெஸ் விரல் வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி நிற்கிறான். நாடாவோ, ஏழு வாரமாக யாரும் காலடி வைக்காத பின்னறைக்குள் போய், அங்கே ஒரு திருப்பம் திரும்பி, நேராக இவள் கைக்கு வருகிறது. ஜில்லென்று வரவேண்டியது. கோட்டுப் பையில் ரொம்ப நேரம் கிடந்த சில்லறை மாதிரி வந்தது.

நாடாவை ஓட்டுகிற மெஷின் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அது சரியில்லை என்றும் அவளுக்கே தெரியும். மெஷினிலிருந்து டெஸ், டெஸ்ஸிடமிருந்து பின்னறை, பின்னறையிலிருந்து இவள், இவளிடமிருந்து திரும்ப மெஷின். இருபத்தேழரை அடி நாடாவை இரண்டு முனையும் சேர்த்து ஒட்டி, வட்டமாக ஓடவிட்டிருந்தார்கள். நீளம் அதிகம் என்பதால் மூலைக்கு ஓர் ஆள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். நாடா தொய்ந்தால் சுருதி கெடும். கையை ஆட்டினால் சுருதி கெடும். பாட்டு முடியும்வரை மரம் மாதிரி நிற்பதுதான் வேலை.

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றான் டெஸ்.

"பேசாம நில்லு. உன் மூலை ஆடுது."

"ஆடலை. எங்க அம்மாகிட்ட கேட்டுப் பாரு, பொறந்ததுல இருந்தே நான் மரக்கட்டைதான்."

சுவர் ஒலிபெருக்கி கரகரத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஜ், வயிற்றின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு, எட்டுத் தடமுள்ள பெரிய பதிவு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "என்ன கண்ணு, பதியலாமா?"

"பதியுங்க, ரெஜ்."

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. வாரம் முழுக்க மேலே கத்திப் பட்டறை ஓடும். சம்மட்டி அடி ஒவ்வொன்றும் மைக்கில் வந்து விழும். ஞாயிறு ஒருநாள்தான் அந்தக் கட்டடம் வாயை மூடும். யாருக்கும் வேண்டாத அந்த நிலவறையை ஸ்டுடியோவுக்கென்று ரெஜ் பிடித்ததே அதனால்தான். "பஸ் இன்ஸ்பெக்டர்ஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று பேர் வந்து, மூன்று ஞாயிற்றில் ஓர் ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு பண்ணவேண்டும் என்று அவர் முன்னால் நின்றது போன நவம்பரில். அதாவது 1980. அப்போது மூன்று பேர்.

லினெட் பாடுவாள். டெஸ்ஸிடம் தவணையில் வாங்கிய சிந்தசைஸரும் ஒரு தாளப் பெட்டியும் இருந்தன. மூன்றாவது ஆள் லினெட்டின் தம்பி காலின், பத்தொன்பது வயது. அவனுக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது. கேட்டால் பெருமையாகத் தலையாட்டுவான். நகராட்சி நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் வேலை. தண்ணீருக்கடியில் கிடந்து கிடந்து நெஞ்சு அகன்ற பிள்ளை. அவனால் முடிந்தது ஒன்றே ஒன்று: 'ஆ' என்று ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் இருபத்திரண்டு வினாடி விடமாட்டான். 'மாடி சீட்' என்கிற அந்தப் பாட்டின் அடியில், முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும், அந்த 'ஆ' மூச்சே வாங்காமல் போய்க்கொண்டிருக்கவேண்டும் என்பது டெஸ்ஸின் யோசனை. மேடையில் காலின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க முயன்று பார்ப்பான், பாதியில் சிரித்துவிடுவான். பக்கத்து ஊரான ராதரமில் ஒரு பப்பில் அதைக் கேட்ட லண்டன் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் லினெட்டின் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பையனோட சத்தம் இருக்கே, அதைத் தட்டுல கொண்டு வாங்க" என்றுதான் சொன்னார்.

அதனால் நாடா. காலின் ஒருமுறை பாடினான், இருபத்திரண்டு வினாடி. முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, பிரதியைத்தான் வெட்டவேண்டும்; இந்தத் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். டெஸ் அவசரக்குடுக்கை. அசலையே பிளேடால் வெட்டி ஒட்டிவிட்டான்.

டிசம்பர் பதினான்காம் தேதி பின்னறை மூலையில் காலின் நின்றான். அங்கே ஒரே குளிர் என்று ரெஜ் மண்ணெண்ணெய்க் கணப்பு ஒன்றை ஏற்றி வைத்தார். கதவிடுக்கில் வந்த காற்றில் நாடா படபடத்தது. லினெட்தான் தன் கோட்டைக் கழற்றி இடுக்கில் திணித்தாள், நாடா போக ஒரு விரற்கடை விட்டு. பதினோரு தடவை எடுத்தார்கள். ஏழாவது தடவையில் நாடா தொய்ந்தது. "தூங்கறியா அங்க? இழுத்துப் பிடிடா" என்று கத்தினாள். நாடா இறுகியது. அதற்குப் பிறகு கடைசிவரை ஆடவே இல்லை. கதவைத் திறந்தபோது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கன்னம் இரண்டும் ரோஜாப்பூ நிறத்தில், ரொம்ப ஆரோக்கியமாக. மூடின அறையில் கணப்பு எரிந்தால் வருகிற விஷக்காற்றுக்கு வாசனை கிடையாது என்று விசாரணையில் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்கு முன்பே நினைவு போயிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அரை மணி நேரத்துக்கு முன்னால் என்றால் ஏழாவது தடவை. அதற்குப் பின் நாலு தடவை நாடா இறுக்கமாகவே இருந்ததே, அதை லினெட் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல? கத்தினது அவள்தானே.

அன்று பதிந்த ரீலை ரெஜ் அழித்துவிட்டார். ஒரு பையன் சாகிற சத்தம் அடியில் ஓடுகிற பாட்டை யாரும் கேட்கக்கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அழித்த பிறகுதான் லினெட்டின் அம்மா கேட்டாள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கைத் தோல் சீவியபடி: "அவன் குரல் எதுலயாவது இருக்காடி?" இருக்கு அம்மா, இசைத்தட்டு வந்ததும் கேட்கலாம் என்றாள் லினெட். இருந்தது, டெஸ்ஸின் பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்த இருபத்தேழரை அடி. ஓட ஓடத் தேய்கிற பொருள். ஓடினால்தான் இன்னொன்றில் பதிய முடியும்.

காலின் நின்ற மூலைக்கு இன்று ஆளுக்குப் பதில் ஒரு மைக் ஸ்டாண்ட் என்று பேசியிருந்தார்கள். முதல் தடவை நன்றாகவே போயிற்று. அவன் குரல் கேட்டது. லினெட் பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் இருந்த மைக்கில் பாடினாள். குரல் தேய்ந்திருக்கும் என்று பயந்திருந்தாள். தேயவில்லை. பிஸ்கட் டின்னில் கிடந்த நாடா மாதிரியே இல்லை, அறைக்குள் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒட்டு வந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், பிறகு மறுபடி 'ஆ'.

பாட்டு முடிந்தது. மெஷின் நின்றது. ரெஜ் பின்னுக்குச் சுற்றிப் போட்டுக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"என்ன, ரெஜ்?"

"உன் பாட்டு இருக்கு கண்ணு. டெஸ்ஸோட பெட்டிச் சத்தம் இருக்கு. தம்பியோடது விழலை."

"சத்தம் காட்டுற முள் ஆடிச்சே. நானே கண்ணாடி வழியா பார்த்தேன்."

"நானும்தான் பார்த்தேன். அவனுக்கு விட்ட ஏழாவது தடத்தோட முள் நல்லா ஆடிச்சு. தடத்துல ஒண்ணும் இல்லை. வெறும் இரைச்சல்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தார். "முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை."

டெஸ் குனிந்து மெஷினைப் பார்த்தான். நாடா உரசும் இடத்துக்குக் கீழே பழுப்புப் பொடி குவிந்து கிடந்தது, அரைத்த பட்டைப் பொடி மாதிரி. அவன் கையுறையைக் கழற்றிவிட்டு, மெஷினுக்கும் தன் மூலைக்கும் நடுவில் விறைப்பாக நின்ற நாடாவுக்குப் பின்னால் விரலை வைத்தான்.

"லினெட், இங்க வா. இல்ல, வராதே, பென்சிலை விடாதே. அங்கிருந்தே பாரு. என் விரல் தெரியுதா?"

தெரிந்தது. சத்தத்தைத் தாங்குகிற பழுப்புப் பூச்சு முழுக்க உதிர்ந்து, நாடா கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. விரல் நகத்தின் அழுக்குகூட அதன் வழியாகத் தெரிந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லை" என்றான் டெஸ். "எல்லாம் கொட்டிப்போச்சு."

"அப்ப நாம கேட்டது?"

டெஸ் பேச்சை மாற்றினான். அதுதான் அவன் வழக்கம். "நான் வாசிக்கிறேன். சிந்தசைஸர்ல அந்த ஸ்வரத்தை அப்படியே பிடிச்சுடுவேன். செவ்வாய்க்கிழமை லண்டனுக்குக் கொடுக்கணும். அந்த ஆளுக்கு வித்தியாசம் தெரியப்போறதில்லை."

"எனக்குத் தெரியும்."

"லினெட், அவன் போயிட்டான்."

"அது எனக்குத் தெரியாதா? நீ வந்து சொல்லணுமா எனக்கு?" அவள் குரல் உடைந்தது. "அசலை வெட்டினது யாரு?"

அது அநியாயம். கோட்டைத் திணித்தது யார் என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகம் சுண்டிப்போய்த் தன் மூலைக்குத் திரும்பி, பென்சிலைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் காலின் சிநேகிதன்தான். அடக்கத்தன்று தேவாலய வாசலில் நின்று அழுதவன்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க, ரெஜ்" என்றாள்.

மெஷின் ஓடியது. கண்ணாடித்தாள் நாடா விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தபடி டெஸ்ஸைத் தாண்டி, பாதி சாத்திய பின்னறைக் கதவின் இருட்டுக்குள் போயிற்று. அங்கிருந்து இவள் கைக்கு வந்தது. இப்போது வெதுவெதுப்பு இல்லை. சூடு. காய்ச்சல்காரன் நெற்றிச் சூடு. எங்கோ மேலே குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், ரெஜ்ஜின் நாற்காலி கிறீச்சிடும் சத்தம், நாடா பென்சிலில் உரசும் மெல்லிய சரசரப்பு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அந்த 'ஆ' எழுந்தது. லினெட் பாடவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்தொன்று. ஒட்டு வரும் இடம். 'டக்' வரவேண்டும்.

வரவில்லை.

அந்த இடத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

நீளமாக, வாயால், நீச்சல்காரன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் வாங்குவது போல. பிறகு 'ஆ' மறுபடி தொடங்கியது.

லினெட் டெஸ்ஸைப் பார்த்தாள். டெஸ் அவளைப் பார்க்கவில்லை. தன் பென்சிலிலிருந்து பின்னறைக்குள் போகிற நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க ஸ்டாண்டுக்கு என்ன கனம் வெச்சே?" என்றான் தாழ்ந்த குரலில். "இம்மிகூட அசையலை."

"நான் எங்க வெச்சேன்? நீதானே வெச்சே."

"நான் அந்த ரூமுக்குள்ள போகலை. கதவிடுக்குல நாடாவை உள்ள தள்ளினேன். யாரோ இழுத்துக்கிட்டாங்க. நீ உள்ள இருக்கேன்னு நினைச்சேன்."

"நான் மாடியில இருந்தேன். கெட்டிலை வெச்சுக்கிட்டு."

இருவரும் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்கள். ரெஜ்ஜுக்குப் பின்னால், கோட் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில், மூன்று கால் மைக் ஸ்டாண்ட் நின்றுகொண்டிருந்தது. அடியில் கட்டுவதற்கு எடுத்து வைத்த செங்கல்கூடப் பக்கத்திலேயே இருந்தது.

மூச்சு. 'ஆ'.

டெஸ் பென்சிலை விட்டுவிட்டான். வேண்டுமென்று விட்டானா, கை விட்டதா, தெரியாது. அவன் மூலை நாடா தரையில் விழுந்து சுருண்டது. குரல் அலுங்கியது. அப்புறம் தரையில் கிடந்த நாடா நகர ஆரம்பித்தது. கதவை நோக்கி. அவசரமில்லாமல், கைமாற்றிக் கைமாற்றி இழுக்கிற மாதிரி, ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு இழுப்பு. தொய்வெல்லாம் உள்ளே போய், நாடா மெஷினிலிருந்து நேராகப் பின்னறைக்கு, விண்ணென்று நின்றது. குரல் சரியாயிற்று.

"ஐயோ" என்றான் டெஸ், சத்தமே இல்லாமல். படியேறும் காலடி கேட்டது. தெருக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. லினெட் அவனைக் கூப்பிடவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். முன்பு இருபத்திரண்டு. இப்போது பதினேழில் மூச்சு வாங்கினான். அடுத்து பதின்மூன்றில். அடுத்து ஒன்பதில்.

அவனுக்கு மூச்சு முட்டுகிறது.

பயம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது; தம்பி உள்ளே இருக்கிறான் என்பது. வலது கையில் பென்சிலைப் பிடித்தபடியே, இடது தோளால் கதவைத் தள்ளினாள்.

மண்ணெண்ணெய் வாடை. கணப்பு இல்லை, அன்றே போலீஸ் எடுத்துப்போய் ஜனவரியில் திருப்பித் தந்ததை ரெஜ் நதியில் வீசிவிட்டார். வாடை மட்டும் இருந்தது.

மூலையில் காலின் நின்றான்.

அதே கோடு போட்ட ஸ்வெட்டர். இரண்டு கையையும் நெஞ்சளவு தூக்கி, நடுவில் பென்சில். முழங்கை நடுங்கியது. கன்னங்கள் சிவப்பாக, குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி. வாய் திறந்திருந்தது. சத்தம் மெஷினிலிருந்து வரவில்லை. அங்கிருந்து வந்தது. உதடு நீலம். கண் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தது. கோபமில்லை. பழி இல்லை. வேலைக்கு நிறுத்தின ஆள், விடச் சொல்வார்களா என்று பார்க்கிற பார்வை. ஏழு வாரமாக நிற்கிறான். அவள் இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், பிடித்துக்கொண்டு நிற்கிறான். விடு என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் கையை இறக்கிவிடுவான். போய்விடுவான். எங்கேயோ உட்காருவான், படுப்பான், தூங்குவான். அந்த வார்த்தையைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவன் மூச்சு அறுந்தது. 'ஆ' நின்றது. முழங்கை மடங்கி, நாடா அவள் பென்சிலில் தொய்ந்து விழுந்தது.

அமைதி. அந்த அமைதி அவளுக்குப் புதிதல்ல. வீட்டில் இருப்பது இதுதான். மாடியில் அவன் அறைக்கதவுக்குப் பின்னால் இருப்பது, காலைச் சாப்பாட்டு மேஜையில் அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது, ஏழு வாரமாக இது ஒன்றுதான். நாடா வெறும் கண்ணாடித்தாள். இசைத்தட்டில் விழாது, எதிலும் விழாது. இவன் நிற்கிற வரைக்கும்தான் குரல்.

அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் கண் கெஞ்சியது.

"கண்ணு" என்றது ஒலிபெருக்கி. ரெஜ்ஜின் குரல் இதமாக இருந்தது. "ஏழாவது முள் படுத்துடுச்சு. டெஸ்ஸும் போயிட்டான். இன்னிக்கு இதோட முடிச்சுக்கலாமா? போதும்மா. வீட்டுக்குப் போ."

லினெட் கதவை மெல்ல இழுத்தாள். நாடா போக ஒரு விரற்கடை விட்டு, மீதியைச் சாத்தினாள். கன்னத்தில் வழிந்ததை ஸ்வெட்டர் கையால் துடைத்தாள்.

"இல்லை, ரெஜ். இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்துடலாம்."

பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, சின்ன வயதில் ஷூ லேஸ் கட்டிவிடும்போது சொல்கிற குரலில், அன்பாக, ரொம்ப அன்பாகச் சொன்னாள்:

"நேரா நில்லுடா, ராஜா."

உள்ளே ஏதோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. தொய்ந்து கிடந்த நாடா நடுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, பாதி ஏறி, நழுவி, மறுபடி ஏறி, அவள் கையில் விறைத்து நின்றது.